நெரிசல் இல்லாத பிரெஞ்சு மலைச்சாலைகளில் மிதிவண்டிப் பயணம்: வெர்கோர், த்ரோம் பகுதிகளுக்கு முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

பிரான்சின் மலைகளில் மிதிவண்டி ஓட்ட விரும்புகிறேன் என்று சொன்னால், பெரும்பாலானோர் ஆல்ப்ஸின் புகழ்பெற்ற கணவாய்களையே பரிந்துரைப்பார்கள். கோடைக்காலத்தில் அந்தச் சாலைகளில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இடைவிடாமல் செல்கின்றன. அவற்றிலிருந்து சிறிது விலகினால், நன்கு தார் போடப்பட்டும் வண்டிகள் அரிதாகவே வரும் சாலைகள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைப் பற்றிய தகவல்கள் மாவட்ட நிர்வாகம், ரயில்வே, சுற்றுலா அலுவலகம் எனப் பல இடங்களில், பெரும்பாலும் பிரெஞ்சு மொழியில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் சேர்க்க நான் பட்ட அலைச்சல் அடுத்தவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு சாலை எவ்வளவுக்கு அமைதியானதோ, அவ்வளவுக்கு அதில் கடையும் தண்ணீரும் ரயில் நிலையமும் குறைவு. ஆகவே முதலில் சாலைகளை முடிவு செய்துவிட்டு, அவற்றுக்கு ஏற்றபடி ரயில், தங்குமிடம், உணவு ஆகியவற்றை அமைக்க வேண்டும். விடுதிகளை முதலில் பதிவு செய்துவிட்டால், அந்த ஊர்களை இணைக்கும் பெருஞ்சாலையில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

1. பகுதியையும் மாதத்தையும் தேர்ந்தெடுங்கள்

முதல் பயணத்துக்கு நான் பரிந்துரைப்பது, பிரான்சின் தென்கிழக்கில் உள்ள வெர்கோர் பீடபூமியையும், அதற்குத் தெற்கே தீ என்னும் சிறு நகரத்தைச் சூழ்ந்துள்ள தியுவா மலைகளையும். இவை த்ரோம், இசேர் என்ற இரு மாவட்டங்களில் அடங்கும். இங்குள்ள கணவாய்களில் பெரும்பாலானவை 1000 முதல் 1450 மீட்டர் உயரத்துக்குள் இருப்பதால், 2000 மீட்டரைத் தாண்டும் ஆல்ப்ஸ் கணவாய்களைப் போல ஜூன் மாதம் வரை பனி நீங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏற்றங்கள் நீளமானவை என்றாலும் சரிவு பெரும்பாலும் மிதமானது.

மே மாதத்தின் பிற்பகுதி, ஜூன், செப்டம்பர் ஆகியவையே சிறந்த காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தீ நகரத்தைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. அப்போது காலை ஆறு மணிக்கே புறப்பட்டு நண்பகலுக்குள் முடித்துவிட வேண்டும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பீடபூமியில் பனியும் உறைபனியும் இருக்கும். பத்தாய் கணவாய் போன்ற சில சாலைகளைக் குளிர்காலம் முழுவதும் மூடிவிடுகிறார்கள். மே மாதத்தில் 1, 8 ஆகிய தேதிகளையும், விண்ணேற்றப் பெருவிழா, பெந்தெகொஸ்து விடுமுறைகளையும் ஒட்டிய நீண்ட வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள். அறைகள் நிரம்பிவிடும், சாலைகளும் அப்படியே.

உயர்ந்த ஆல்ப்ஸ் கணவாய்களில்தான் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஒத்-ஸால்ப், சவுவா போன்ற மாவட்டங்கள் கோடையில் சில குறிப்பிட்ட காலை வேளைகளில் சில கணவாய்களை மோட்டார் வாகனங்களுக்கு மூடி, மிதிவண்டிகளுக்கு மட்டும் திறந்துவிடுகின்றன. அந்த அட்டவணையை மாவட்டச் சுற்றுலாத் தளங்களில் பார்த்து, உங்கள் தேதிகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை.

2. சாலை எண்ணையும் வரைபடத்தையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டுமே படிக்க நேரம் இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள். 'ஏ' என்று தொடங்கும் சாலைகள் விரைவுச்சாலைகள். அவற்றில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. 'என்' தேசிய நெடுஞ்சாலை, தவிர்க்க வேண்டியது. 'டி' (D) மாவட்டச் சாலை. 'சி' அல்லது 'விசி' கிராமச் சாலை.

புதியவர்கள் ஏமாறுவது 'டி' எழுத்தில்தான். 2006-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பல தேசிய நெடுஞ்சாலைகள் மாவட்டங்களின் பொறுப்புக்கு மாற்றப்பட்டு, அவற்றுக்கும் 'டி' எண்கள் தரப்பட்டன. கிரனோபிளிலிருந்து தெற்கே சிஸ்தரோன் செல்லும் டி 1075 முன்பு என் 75 ஆக இருந்த சாலை. இன்றும் சரக்கு லாரிகள் விரைந்து செல்லும் பெருஞ்சாலை அது. குருவா-ஓத் கணவாயை அதன் வழியாகவே கடக்க வேண்டும். அதற்குச் சற்று மேற்கே அதே மலைத்தொடரைக் கடக்கும் டி 120, ஷத்தியோன்-ஆன்-தியுவா என்ற கிராமத்திலிருந்து மெனே கணவாய்க்கு ஏறுகிறது. அதில் வண்டிகள் மிகக் குறைவு. இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். ஆயிரத்தில் தொடங்கும் நான்கு இலக்க எண்ணைக் கண்டால், அது பழைய தேசிய நெடுஞ்சாலையாக இருக்கக்கூடும் என்று சந்தேகியுங்கள். எண்ணில் ஒன்றிரண்டு இலக்கங்களே இருந்தால் அது பெரும்பாலும் முக்கியச் சாலை. ஆனால் இதற்கு விலக்குகள் உண்டு என்பதால், வரைபடத்தின் நிறத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மிஷ்லேன் நிறுவனத்தின் 1:150000 அளவிலான மாவட்ட வரைபடங்கள் இதற்கு மிகவும் உதவும். த்ரோம் மாவட்டத்துக்கு 332, இசேர் மாவட்டத்துக்கு 333 ஆகிய தாள்கள் வேண்டும். சிவப்புச் சாலைகளை விலக்குங்கள். மஞ்சள் சாலைகளை இணைப்புக்கு மட்டும், சில கிலோமீட்டர்களுக்குப் பயன்படுத்துங்கள். வெள்ளைச் சாலைகளில்தான் உங்கள் பயணம் அமைய வேண்டும். சாலையின் மேல் உள்ள அம்புக்குறிகள் சரிவைக் காட்டுகின்றன: ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13 சதவீதம், மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு ஏற்றத்தின் திசையைக் காட்டும்.

சாலையின் ஓரத்தில் பச்சைக்கோடு இருந்தால் அது காட்சிகள் நிறைந்த சாலை என்று பொருள். புதியவர்கள் பச்சைக்கோட்டைத் தேடிப்பிடித்து ஓட்டுகிறார்கள். மோட்டார் சைக்கிள் குழுக்களும் சுற்றுலாப் பயணிகளும் அதையேதான் செய்கிறார்கள். பச்சைக்கோட்டுச் சாலைகளைக் கைவிட வேண்டியதில்லை. வார நாளில், காலை ஒன்பது மணிக்கு முன் கடந்துவிட்டால், அவையும் உங்களுக்கே உரியவையாக இருக்கும்.

மிதிவண்டிச் செயலிகளின் வெப்ப வரைபடங்களை முழுவதும் நம்ப வேண்டாம். பந்தய வீரர்கள் அதிகம் செல்லும் பாதையையே அவை காட்டும், வண்டிகள் குறைந்த பாதையை அல்ல. தானாகப் பாதை வரையும் செயலிகள், தார் இல்லாத காட்டுச் சாலைகளுக்குள் உங்களைத் திருப்பிவிடுவதும் உண்டு. பிரெஞ்சு தேசிய நில அளவை நிறுவனமான ஐ.ஜே.என். இணையத்தில் இலவசமாக வழங்கும் 1:25000 வரைபடத்திலும் வான்படத்திலும் சந்தேகமான ஒவ்வொரு துண்டையும் சரிபாருங்கள். இதற்கு ஒரு மாலைப்பொழுது செலவாகும். அதற்குப் பலன் உண்டு.

3. நாள்தோறும் எவ்வளவு என்று கணக்கிடுங்கள்

சமவெளியில் 100 கிலோமீட்டர் எளிதாக ஓட்டுபவரும் இங்கே முதல் நாட்களில் 50 முதல் 60 கிலோமீட்டரும் சுமார் 1000 மீட்டர் ஏற்றமும் போதும் என்று வைத்துக்கொள்வது நல்லது. சுமையுடன் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்ற சராசரியில் கணக்கிட்டால் மாலையில் அவசரப்பட நேராது.

ஒரு மாதிரித் திட்டம் தருகிறேன். முதல் நாள், ரோமான் ரயில் நிலையத்தில் இறங்கி, இசேர் ஆற்றின் தென்கரைச் சிறு சாலைகள் வழியாகச் சான்-ஜான்-ஆன்-ருவாயான் என்ற சிற்றூருக்குச் செல்லுங்கள். இது அரைநாள் ஓட்டம். இரண்டாம் நாள் அதிகாலையில் டி 76 வழியாக ஏறுங்கள். கோம்ப் லவால் என்ற பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில், செங்குத்துப் பாறையைக் குடைந்து அமைத்த அந்தச் சாலை 1011 மீட்டர் உயரமுள்ள மஷீன் கணவாயை அடைகிறது. இந்தப் பயணம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த சாலை இதுதான். இது பச்சைக்கோட்டுச் சாலை என்பதால் விடிந்தவுடன் புறப்படுவது கட்டாயம். அங்கிருந்து அதே டி 76 லாந்த் காட்டின் வழியாகவும் ஷோ கணவாய் வழியாகவும் வாசியூ கிராமத்துக்குச் செல்கிறது. பிறகு 1254 மீட்டர் உயரமுள்ள ரூசே கணவாய்ச் சுரங்கத்தைக் கடந்து, டி 518-இன் நீண்ட வளைவுகளில் தீ நகரத்துக்கு இறங்கலாம். மொத்தம் சுமார் 60 கிலோமீட்டர். சுரங்கத்தின் வடக்கே குளிர்ந்த காடும், தெற்கே வெயில் காயும் வறண்ட மலைகளும் இருக்கும். இறக்கத்துக்கு முன் மேலாடையை எடுத்து அணியுங்கள்.

மூன்றாம் நாள் சுமையைத் தீ நகரத்தின் விடுதியிலேயே விட்டுவிட்டு மெனே கணவாய்க்குச் சென்று திரும்புங்கள். கணவாயின் சுரங்கத்தைக் கடந்தவுடன் மோன் எகுய் என்ற தனிப்பாறை மலை எதிரே நிற்கும். நான்காம் நாள் சயான் கிராமத்திலிருந்து டி 156 வழியாக 1047 மீட்டர் உயரமுள்ள ஷோதியேர் கணவாயை ஏறி, மறுபுறம் பூர்தோ கிராமத்துக்கு இறங்கி, க்ரெஸ்ட் நகரத்தில் ரயில் ஏறலாம். தீ நகரத்திலிருந்து சயான் வரை டி 93-இல் வண்டிகள் சற்று அதிகம்; அந்தத் துண்டைக் காலையில் விரைவாக முடித்துவிடுங்கள். பூர்தோ கிராமத்தைத் தேடும்போது, மேற்குக் கடற்கரைப் பக்கமுள்ள போர்தோ பெருநகரம் தேடுபொறியில் முன்னால் வரும். விடுதியைப் பதிவு செய்யும் முன் மாவட்ட எண் 26, அதாவது த்ரோம், என்பதை உறுதிசெய்யுங்கள்.

பூர்ன் ஆற்றின் குடைவுச்சாலையான டி 531 பாறைச் சரிவு காரணமாகவும் பராமரிப்புக்காகவும் அடிக்கடி மூடப்படுகிறது. பெரிய கூலே எனப்படும் குடைவின் பழைய சாலை நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. பழைய வரைபடங்களில் அது இன்னும் திறந்த சாலையாகவே இருக்கும். புறப்படுவதற்கு முந்தைய நாள் இரு மாவட்டங்களின் சாலைத் தகவல் பக்கங்களையும் பாருங்கள்.

4. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டுடன், ஐரோப்பிய வசிப்புரிமை இன்றி வருபவர்களுக்கு ஷெங்கன் குறுகியகால விசா தேவை. பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு வழக்கமாக 15 நாட்களில் வரும், சில வேளைகளில் 45 நாட்கள் வரை நீளும். ஆகவே மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குவதுதான் பாதுகாப்பு. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதங்களேனும் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.

மிதிவண்டிப் பயணிக்குச் சிக்கல் தருவது தங்குமிடச் சான்றுதான். ஒவ்வோர் இரவும் வேறு ஊர் என்பதால் எல்லா இரவுகளுக்கும் பதிவு தேவைப்படுகிறது. ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பதிவு செய்து, நாள்வாரியான பயணத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதி இணையுங்கள். காப்பீடு குறைந்தது 30000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்பது விதி. அதற்கு மேல் நீங்களே பார்க்க வேண்டியது, மிதிவண்டி ஓட்டும்போது நேரும் விபத்தை அந்தக் காப்பீடு ஏற்கிறதா என்பதும், பிறருக்கு நீங்கள் ஏற்படுத்தும் சேதத்தை ஈடுசெய்கிறதா என்பதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிப்பவர்கள் ஐரோப்பிய மருத்துவ அட்டையையும், பிரிட்டனில் வசிப்பவர்கள் அதற்கு இணையான தங்கள் அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

5. மிதிவண்டி: கொண்டுசெல்வதா, வாடகைக்கு எடுப்பதா

ஐந்து நாட்களுக்குக் குறைவான பயணம் என்றால் வாடகையே மலிவு. சாலை மிதிவண்டிக்கும் மின்மிதிவண்டிக்கும் நாளொன்றுக்குச் சுமார் 35 முதல் 60 யூரோ ஆகும். அடையாள அட்டையும் கடன் அட்டையில் வைப்புத்தொகையும் கேட்பார்கள். பதிவு செய்யும்போது மூன்றைக் கேளுங்கள்: உங்கள் உயரத்துக்கேற்ற சட்ட அளவு, முன்னே 34 பற்களும் பின்னே குறைந்தது 32 பற்களும் உள்ள பற்சக்கரம், 28 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர். மிதிகட்டைகளை நீங்களே கொண்டுசெல்லலாம். சொந்த மிதிவண்டியைக் கொண்டுசென்றால் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிவிடுங்கள். நீண்ட இறக்கங்கள் அவற்றை விரைவில் தேய்த்துவிடும்.

6. ரயிலில் இடம் பிடியுங்கள்

பாரிஸின் லியோன் நிலையத்திலிருந்து வலான்ஸ் நகரத்தின் டி.ஜி.வி. (TGV) எனப்படும் அதிவேக ரயில் நிலையத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். சார்ல் து கோல் விமான நிலையத்திலிருந்தும் நேரடி ரயில்கள் உண்டு. வலான்ஸ் டி.ஜி.வி.யிலிருந்து ரோமானுக்கு டி.இ.ஆர். எனப்படும் வட்டார ரயில் செல்கிறது.

பிரிக்காத மிதிவண்டிக்குச் சில அதிவேக ரயில்களில் மட்டுமே இடம் உண்டு. அவற்றிலும் இடங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. பயணச்சீட்டு வாங்கும்போதே சுமார் 10 யூரோ கட்டி முன்பதிவு செய்ய வேண்டும், பிறகு சேர்க்க முயன்றால் பெரும்பாலும் கிடைக்காது. சக்கரங்களைக் கழற்றி 130 × 90 சென்டிமீட்டர் பைக்குள் அடக்கினால் சாதாரண அதிவேக ரயில்களில் அது கைப்பெட்டியாகவே கருதப்படும். மலிவு விலை ரயில்களுக்கு விதிகள் வேறு. வட்டார ரயில்களில் பொதுவாக மிதிவண்டி இலவசம். கோடை வார இறுதிகளில் மிதிவண்டி மாட்டும் கொக்கிகள் நிறைந்துவிடும் என்பதால் காலை ரயிலில் ஏறுங்கள். க்ரெஸ்ட், தீ நகரங்களின் வழியாகச் செல்லும் பாதையில் பராமரிப்புப் பணிகளுக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடும் நாட்கள் உண்டு, பேருந்தில் மிதிவண்டியை ஏற்ற மறுக்கலாம். பயணச்சீட்டில் ரயிலா, பேருந்தா என்ற குறியைக் கவனமாகப் பாருங்கள்.

7. தங்குமிடம், உணவு, தண்ணீர்

'அக்கேய் வேலோ' என்ற முத்திரை பெற்ற விடுதிகள் அடையாளமிட்ட மிதிவண்டிப் பாதையிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கும். மிதிவண்டியைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கும் கருவிகளும் வைத்திருப்பார்கள். நடைப்பயணிகளுக்கான 'ழீத் தெத்தாப்' விடுதிகளில் ஒரு படுக்கைக்குச் சுமார் 20 முதல் 30 யூரோ. இரவு உணவும் காலை உணவும் சேர்த்தால் 50 முதல் 65 யூரோ வரை ஆகலாம். சுற்றியுள்ள ஊர்களில் வேறு உணவகம் இல்லாதபோது இந்த உணவுத் திட்டமே நல்லது. சைவ உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுதித் தெரிவியுங்கள். ருவாயான் பகுதியின் புகழ்பெற்ற ரவியோல் என்பது பாலாடைக்கட்டியும் பார்ஸ்லி இலையும் அடைத்த சிறு மாவுப்பண்டம். மாவில் முட்டை உண்டு, இறைச்சி இல்லை.

உணவகங்கள் மதியம் 12 முதல் ஒன்றரை வரைதான் பரிமாறும். மூன்று மணிக்குப் போய் நின்றால் காப்பி மட்டுமே கிடைக்கும். கிராமக் கடைகள் மதியம் மூடியிருக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்கட்கிழமையும் பல கடைகள் திறப்பதே இல்லை. எப்போதும் ஒரு வேளை உணவு பையில் இருக்கட்டும். சில சிறு விடுதிகள் அட்டையை ஏற்பதில்லை என்பதால் 100 யூரோவுக்குக் குறையாமல் ரொக்கம் வைத்திருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. வெர்கோர் சுண்ணாம்புப் பாறையால் ஆனது. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியாக நிலத்தடிக்குப் போய்விடுவதால், அடர்ந்த காட்டுக்கு நடுவிலும் ஓடை இருக்காது. மஷீன் கணவாயிலிருந்து வாசியூ வரையுள்ள துண்டுக்கு இரண்டு பெரிய குப்பிகளை நிரப்பிக்கொண்டே புறப்படுங்கள். கிராமங்களில் ஊற்றுத் தொட்டிகள் இருந்தாலும் 'நோன் பொத்தாப்ள்' என்ற அறிவிப்பு இருந்தால் அது குடிப்பதற்கு ஏற்றதல்ல. பிரான்சில் ஏறக்குறைய எல்லாக் கல்லறைத் தோட்டங்களிலும் செடிகளுக்கு ஊற்றக் குழாய் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் ஊருக்கான குடிநீரே அதிலும் வரும். அங்கும் அறிவிப்புப் பலகையைப் பார்த்துவிட்டு, அமைதியாக நிரப்பிக்கொண்டு வெளியே வாருங்கள்.

8. சட்டம் கேட்பவை

முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, ஒளிதெறிப்பான்கள், மணி, இரண்டு பிரேக் ஆகியவை கட்டாயம். ஊருக்கு வெளியே இரவிலும் மூடுபனியிலும் ஒளிரும் மேலாடை அணிந்தாக வேண்டும். 12 வயதுக்கு உட்பட்டோருக்குத் தலைக்கவசம் கட்டாயம். மலை இறக்கத்தில் பெரியவர்களும் அணியாமல் ஓட்ட வேண்டாம். காதில் ஒலிக்கருவி மாட்டி ஓட்டினால் 135 யூரோ அபராதம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வலப்பக்க முன்னுரிமை. அறிவிப்பு எதுவும் இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து வருபவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும், அவர் நிற்கமாட்டார். மலைக்கிராமங்களின் குறுகிய தெருக்களில் இறக்கத்தில் வரும்போது இதை மறந்தால் விபத்து நிச்சயம். கார்கள் உங்களைக் கடக்கும்போது ஊருக்கு வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதும் சட்டம்.

9. சாலையில் எதிர்பார்க்க வேண்டியவை

கோடையில் சிறு சாலைகளில் தாரின் மேல் பொடிக்கற்களைப் பரப்பிப் பழுதுபார்க்கிறார்கள். 'கிராவியோன்' என்ற பலகையைக் கண்டவுடன் வேகத்தைக் குறையுங்கள். வளைவில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். சுரங்கங்களுக்கு முன் குளிர்கண்ணாடியைக் கழற்றி, விளக்குகளை எரியவிடுங்கள்.

மேய்ச்சல் நிலங்களில் ஓநாய்களிடமிருந்து ஆட்டு மந்தையைக் காக்கும் 'பத்தூ' என்ற பெரிய வெள்ளை நாய்கள் இருக்கும். அவை குரைத்துக்கொண்டு வந்தால் வேகமாகத் தப்ப முயலாதீர்கள். இறங்கி, மிதிவண்டியை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, தாழ்ந்த குரலில் பேசியபடி மந்தையை விட்டு விலகி நடந்து செல்லுங்கள். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக்காலம். குறிப்பாக ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுச்சாலைகளில் பளிச்சென்ற நிறத்தில் உடை அணியுங்கள்.

கோடைப் பிற்பகல்களில் இடிமழை திடீரென வரும். பிரெஞ்சு வானிலைத் துறையின் மாவட்டவாரியான எச்சரிக்கையைக் காலையில் பாருங்கள். ஆரஞ்சு நிறம் இருந்தால் கணவாய் ஏறுவதைத் தள்ளிவையுங்கள். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி இணைப்பு அறுந்துவிடும் என்பதால் வரைபடத்தை முன்பே தரவிறக்கி வைக்க வேண்டும். அவசர உதவிக்கு 112; அழைக்கும்போது சாலை எண்ணையும், சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணையும், நீங்கள் எந்தக் கணவாயின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.